அதிபதி எத்தனை தடவை இருமினார்?

1

இந்தக் கதை எனக்கு ஒரு கண்ணாடிக்கடையில் கிடைத்தது. கிடைத்தது என்பதுகூட மிகை, ஒட்டுக்கேட்டேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் மூடிக்கொண்டு உட்காருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். படிக்க முடியாது, போனைப் பார்க்க முடியாது. கண்ணை மூடினால் காது தானாக நீண்டுவிடுகிறது. பக்கத்து அறையில், பார்வை சோதிக்கிற பெண்ணும் அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பழுதுபார்க்க வந்தவரும் ஒரு சினிமா வில்லனைப் பற்றி வழக்காடிக்கொண்டிருந்தார்கள்.

"மூஞ்சிய மாத்தினப்பவே எனக்கு விட்டுப்போச்சும்மா," என்றார் அவர்.

"மூஞ்சி மாறினா என்னண்ணே, குரல் மாறலையே. இப்பதான் ஆளே மாறிட்டான்," என்றாள் அவள்.

ஒரு வில்லனுக்குத் தேவையானதைவிட அதிகமான துக்கம் அவள் பேச்சில் இருந்தது. நான் கேட்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. (முன்பெல்லாம் ஒரு வாக்கியம் காதில் விழுந்தால் ஒரு நாவலே வந்துவிடும். இப்போது ஒரு கதை வருவதற்குள் இடுப்பு பிடித்துக்கொள்கிறது.)

2

முதல் ஆரம்பம்: "விண்வெளியின் ஆழத்தில், ஒளி நுழையாத ஒரு"

வேண்டாம். மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்குகிறது. விண்வெளிக்கு எங்கே போவது.

இரண்டாவது ஆரம்பம்: "அவளுக்கு இருபத்தேழு வயது. ஆனால் அவள் கண்கள்"

பார்வை சோதிப்பவளின் கண்களை வர்ணித்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள், நியாயம்தான்.

சும்மா சொல்லிவிடுகிறேன். 'தொலைச்சுடர்' என்று ஐந்து பாகம் வந்த ஒரு விண்வெளிப் படவரிசை. (தேடாதீர்கள், பெயர் நான் வைத்தது.) அந்நிய மொழிப் படம், தமிழில் குரல் மாற்றி வெளியிடுவார்கள். வில்லன் பெயர் அதிபதி. கிரகங்களைத் தூள்தூளாக்குவது அவன் தொழில். முதல் இரண்டு பாகத்தில் ஒரு நடிகர், மூன்றிலும் நான்கிலும் இன்னொருவர். ஐந்தாவதில் பழையவரே திரும்பி வந்தார். தமிழில் மட்டும் முதல் நான்கு பாகத்துக்கும் ஒரே ஆள்தான் பேசியிருந்தார். ஐந்தாவதில் பழைய முகம் வந்ததே தவிர, பழைய குரல் வரவில்லை. யாரோ ஒரு இளைஞன் பேசியிருந்தான்.

வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. முதல் முகம்தான் அதிபதி என்று ஒரு கட்சி, இரண்டாம் முகம் என்று ஒரு கட்சி, முகம் எக்கேடு கெட்டால் என்ன, குரல்தான் ஆள் என்று மூன்றாவது கட்சி. நானூறு பேர் கொண்ட ரசிகர் குழு அது. புனைபெயர் மட்டும் தெரிகிற செயலி, யார் யார் என்று யாருக்கும் தெரியாது. நடத்துகிறவர்கள் இரண்டு பேர், நம் பார்வை சோதிப்பவளும் லிஃப்ட்காரரும். அவள் 'ஆறாம் நிலா'. அவர் 'மேலே கீழே'.

குழுவில் சேர ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இரண்டாம் பாகத்தில், சிறைக்கப்பல் காட்சியில், அதிபதி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது எத்தனை தடவை இருமுவார்? சரியான பதில் மூன்று. மூலப் படத்தில் இருமலே கிடையாது, தமிழில் மட்டும்தான் உண்டு. அதனால் தமிழில் கவனமாகப் பார்த்தவன் மட்டுமே உள்ளே வர முடியும். அந்த மூன்று இருமலை வைத்து இவர்கள் எழுதியிருப்பது கொஞ்சமல்ல. தான் அழித்த கிரகங்களின் நச்சுக்காற்று அதிபதியின் நெஞ்சில் தங்கிவிட்டதாம். பாவம் சும்மா விடுமா என்று ஒருவர் பதினெட்டுப் பகுதிகளாக எழுதி முடித்திருந்தார்.*

* இருமல் அதிபதியுடையது அல்ல. ஒலிப்பதிவு அறையில் அன்று புதுத் தரைவிரிப்பு போட்டிருந்தார்கள். குரல் கொடுத்தவருக்குத் தூசி ஒத்துக்கொள்ளாது. "வில்லன்தானே, இருமிட்டுப் போகட்டும்" என்று அப்படியே விட்டுவிட்டார்கள். இது நம் பார்வை சோதிப்பவளுக்குத் தெரியும். குழுவில் அவள் சொன்னதில்லை. குரல் கொடுத்தவர் அவளுடைய அப்பா.

3

அப்பாவுக்குப் போன வருடம் தொண்டையில் அறுவை. உயிர் மிஞ்சியது, குரல் மிஞ்சவில்லை.

குரலைப் பிடுங்கியவன் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். கதையில் யாராவது எதையாவது இழக்க வேண்டியிருக்கிறது. அந்த இருமல்தான் நோயின் ஆரம்பம் என்றுகூட ஒரு வரி எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். பதினாறு வருடத்துக்கு முந்தைய தூசி இருமலை இழுத்து வந்து நோயாக்கினால் எந்த மருத்துவரும் சிரிப்பார். எனக்கும் வெட்கமாக இருந்தது.

பேச ஆரம்பித்தால் மடை திறந்த மாதிரி பேசிய மனுஷன். இப்போது சாப்பாட்டு மேசையில் ஒரு சிறு வெள்ளைப் பலகை, ஒரு பேனா. காலையில் அவள் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்பாள்.

"மாத்திரை போட்டீங்களாப்பா?"

ஆச்சு.

"மத்தியானத்துக்கு மேசை மேல வெச்சிருக்கேன். சுட வெச்சு சாப்பிடுங்க."

சரி.

"தொலைச்சுடர் அஞ்சாவது வந்திருக்கு. பாக்கலாமா?"

எதுக்கு.

அழித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அவள் நீளமாகப் பேசினால் அவர் நீளமாக எழுத வேண்டும், கை வலிக்கும் என்று அவளும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். ஒருவருக்குப் போன குரலில் வீட்டில் இரண்டு பேர் ஊமையானார்கள். இந்தப் பகுதியை இங்கேயே நிறுத்துகிறேன்.

4

குழுவில் 'சும்மா ஒருத்தன்' என்று ஒருவர் எட்டு மாதமாக இருந்தார். எல்லாவற்றுக்கும் நீள நீளமாகப் பதில் எழுதுவார், நன்றாகவும் எழுதுவார். இரண்டாம் முகக் கட்சிக்காரர்கள்கூட அவருக்கு மரியாதை கொடுத்தார்கள். ஐந்தாம் பாகம் வந்த வாரம் எல்லோரும் அந்தப் புதுக் குரலைக் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது அவர் எழுதினார்:

"அந்தப் பையனை விடுங்கப்பா. நல்லாத்தான் பேசியிருக்கான். பழைய குரல் என்ன தேவாமிர்தமா? பாதி இடத்துல அந்த ஆளு கத்தியே சமாளிச்சிருக்காரு. நாலாம் பாகத்துல மூச்சு எங்க விடணும்னே தெரியல. அவரு போனது படத்துக்கு நல்லதுதான்."

மதியச் சாப்பாட்டு நேரம். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் படித்தாள். 'அவரு போனது' என்ற இடத்துக்கு மேல் படிக்கவில்லை. ஆளைக் குழுவைவிட்டு நீக்கிவிட்டுச் சாப்பாட்டை மூடி வைத்தாள்.

சாயங்காலம் லிஃப்ட்காரர் கடைக்கு வந்து கேட்டார்.

"என்னம்மா, அவரைத் தூக்கிட்டே? கெட்ட வார்த்த ஒண்ணும் சொல்லலையே."

"மனுசங்களைப் பத்திப் பேசறப்போ ஒரு இது வேணும்ல அண்ணே."

"வில்லனுக்கு டப்பிங் பேசினவருக்கா இவ்வளவு?"

அவள் அடுத்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டாள்.

(நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். தெரியும். மறைத்து வைக்க இரண்டு நாள் முயன்றேன், இதற்கு மேல் தெம்பு இல்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வாய் போன பிறகும் கெட்டது இந்த ஒரு மனுஷர்தான். அவள் ஏன் கண்டுபிடிக்கவில்லை என்று கேட்பீர்கள். வீட்டில் 'சரி', 'ஆச்சு' என்று எழுதுகிற ஒரு கை, வெளியே நாற்பது வரி எழுதும் என்று யார் நினைப்பார்கள்? ஆறாம் நிலா யார் என்று அவருக்கும் தெரியாது என்றுதான் இப்போதைக்கு வைத்திருக்கிறேன்.)

5

மூன்று நாள் பலகை வெறுமையாக இருந்தது.

"உடம்புக்கு ஏதாவது பண்ணுதாப்பா?"

தலையை மட்டும் ஆட்டினார். போனை அலமாரி மேல் கவிழ்த்து வைத்திருந்தார். மருத்துவரிடம் கூட்டிப்போனாள். புண் ஆறிவிட்டது, எல்லாம் சரியாக இருக்கிறது, இனி பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்றார் அவர். திரும்பி வரும்போது அப்பா அவளுக்கு இரண்டடி பின்னாலேயே நடந்தார்.

6

கண்ணைத் திறக்கச் சொன்னார்கள். எனக்கு முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். என் மூக்கின் மேல் கனமான சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒரு வில்லையைப் போட்டாள்.

"இது நல்லா தெரியுதா?" எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டாள். "இல்ல, இதுவா?"

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதாம்மா தெரியுது."

அப்போது லிஃப்ட்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"புதுசா ஒருத்தர் சேரணும்னு கேட்டிருக்காரு. பதில் தப்பு. தள்ளிவிட்டுடவா?"

"என்ன போட்டிருக்காரு?"

"'நாலு'ன்னு போட்டிருக்காரு. 'கடைசி ஒண்ண வெட்டிட்டாங்க'ன்னு வேற. என்னமோ கூட இருந்து பாத்த மாதிரி."

அவள் கையில் வில்லை அப்படியே நின்றுவிட்டது.

பதினொரு வயதில், பள்ளி விடுமுறை நாளில், ஒலிப்பதிவு அறைக்கு வெளியே உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தவள் அவள். அப்பா வெளியே வந்து, ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொன்னார். "நாலு தடவ இருமினேன். மூணை அவங்க வெச்சுக்கிட்டாங்க. வெட்டின ஒண்ணு உனக்கு. பத்திரமா வெச்சுக்க." வேறு யாரிடமும் அவர் அதைச் சொன்னதில்லை, சொல்லத் தகுந்த விஷயமும் இல்லை.

முதல் தடவை 'மூன்று' என்று பொய் சொல்லித்தான் அவர் குழுவுக்குள் வந்திருக்க வேண்டும். நானூறு பேர் நம்புகிறதைக் கெடுப்பானேன் என்று நினைத்திருப்பார். இந்தத் தடவை அதற்கும் அலுத்துவிட்டது போலிருக்கிறது.

மூன்று நாள் வெறும் பலகையும் கவிழ்ந்து கிடந்த போனும் அவளுக்கு நினைவு வந்தன. பழைய குரலைத் திட்டியது யார், எந்தப் பையனைக் காப்பாற்ற, எவர் தன் குரலையே கீழே போட்டு மிதித்தார் என்பதெல்லாம் அவளுக்கு ஒரே நேரத்தில் புரிந்தது. அவர் பேசிக்கொண்டிருந்த ஒரே இடத்திலிருந்து அவரைத் துரத்தியது யார் என்பதும் புரிந்தது. அழுதாள். சத்தமில்லாமல், வாடிக்கையாளர் முன்னால் அழுகிறவர்கள் அழுகிற மாதிரி. நான் மருந்தின் இல்லாத எரிச்சலைச் சொல்லி என் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

7

முடிவுகள்.

ஒன்று: சேர்த்துக்கொள்கிறாள். ஆனால் 'நாலு' என்ற பதிலை ஏற்கக்கூடியவர் உலகத்தில் ஒரே ஆள்தான். உள்ளே வந்த கணமே ஆறாம் நிலா யார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். தன்னைத் துரத்தியது தன் மகள் என்று தெரிந்த இடத்தில், மகள் படிக்கிறாள் என்று தெரிந்த இடத்தில், அவர் மறுபடி நாற்பது வரி எழுதுவாரா? 'சரி' என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கவும் கூடும்.

இரண்டு: மறுத்துவிடுகிறாள். அவர் வேறு பெயரில் வந்து 'மூன்று' என்று போடுவார் என்று காத்திருக்கிறாள். வராவிட்டால்?

மூன்று: வீட்டுக்குப் போய் நேரே பேசுகிறாள். இதை முழுசாக எழுதிப் பார்த்தேன். "அப்பா, நான்தான்ப்பா" என்றாள். அவர் பலகையை எடுத்து, பேனாவின் மூடியைத் திறந்து

அதற்கு மேல் அந்தக் கை நகரவில்லை. நான் பிடித்துத் தள்ளினால் நகரும், ஆனால் அது என் எழுத்தாக இருக்கும், அவருடையதாக இருக்காது.

நாலாவது ஒன்றும் உண்டு. ஆறாம் நிலா தன் மகள்தான் என்று அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கலாம். மூன்று நாள் யோசித்து, அவளுக்கு மட்டும் புரிகிற பதிலாகப் பார்த்துப் போட்டிருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆசைக்கு எழுதிய முடிவுகளில் நான் பலமுறை சூடுபட்டவன்.

"என்னம்மா, சொல்லு. எனக்கு ஆறாவது மாடியில வேல இருக்கு," என்கிறார் லிஃப்ட்காரர். போனை மேசை மேல் வைத்துவிட்டார். திரையில் இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன, சேர்க்கவும், மறுக்கவும் என்று. எனக்கு இன்னும் மருந்து தெளியவில்லை, எது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உங்களைப் பார்க்கிறாள்.

இது நல்லா தெரியுதா?

இல்ல, இதுவா?