பத்திரமான பாஸ்போர்ட்

காவ்சியுங் நகரில், மீட்கப்பட்ட பெண்களுக்கான விடுதிச் சமையலறையில் வர்சினி காலையிலிருந்து தன் ஊர் முட்டைக்கோஸ் வடையான பக்வான் பொரித்துக்கொண்டிருந்தாள். குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களை எல்லை தாண்டியும் பாதுகாப்பதற்காக இரண்டு நாட்டு அதிகாரிகள் அன்று அங்கே ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். வெறும் வயிற்றோடு யாரையும் பாதுகாக்க முடியாது என்பதால் இருநூறு பக்வான்.

"உடம்பெல்லாம் எண்ணெய் வாடை. இப்படியே மேடையில போய் நிக்கணுமாக்கும்," என்றாள்.

"தொப்பி, மாஸ்க், கறுப்புக் கண்ணாடி எல்லாம் எடுத்து வச்சிருக்காங்க அக்கா. வாடைய வச்சுத்தான் நீதான்னு கண்டுபிடிக்கணும்," என்றாள் மாவு கரைத்துக்கொண்டிருந்த துமினா.

இருவரும் மீன் ஆலையில் இரண்டு வருஷம் சம்பளமில்லாமல் மீன் அறுத்தவர்கள். பாஸ்போர்ட்டுகளை முதலாளி பிடுங்கி வைத்திருந்தார். போலீஸ் வந்து மீட்டது. இருவரும் இந்த விடுதிக்கு வந்தார்கள். பாஸ்போர்ட்டுகள் சாட்சிப் பொருளாக அரசு அலுவலகத்துக்குப் போயின. எட்டு மாதமாகிறது. சொந்த ஊரான சிலாச்சாப்பில் வர்சினியின் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். ஊருக்குப் போக மாற்றுப் பயணப் பத்திரம் கேட்டுத் தன் நாட்டு அதிகாரியிடம் போனாள். "அசல் தொலஞ்சாத்தானம்மா மாத்துக் குடுப்போம். உன்னோடது தொலையலையே," என்றார் அவர்.

மேடையில் அந்த அரசு அலுவலகத்தின் இயக்குநர் நாற்பது நிமிஷம் மனிதநேயத்தைப் பற்றிப் பேசினார். பிறகு மாஸ்க் போட்ட வர்சினியிடம் பழக்கூடையைக் கொடுத்து, "ஏதாவது ஆசை இருந்தா தயங்காம சொல்லுங்க," என்றார்.

"என் பாஸ்போர்ட்டக் குடுத்தீங்கன்னா மகளப் பாக்கப் போயிடுவேன் ஐயா."

"அந்தக் கவலையே வேண்டாம். இரும்பு அலமாரியில ரொம்பப் பத்திரமா வச்சிருக்கோம். யாரும் தொட முடியாது."

"எங்க முதலாளியும் இதையேதான் ஐயா சொன்னாரு."

இருவருக்கும் நடுவே நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்த பெண் அரை நொடி யோசித்து, "ரொம்ப நன்றின்னு சொல்றாங்க," என்றாள். கைதட்டல் எழுந்தது. துமினா சிரிப்பை அடக்க முடியாமல் தும்முவதுபோல் பாவனை செய்தாள்.

உற்சாகமாகிவிட்ட இயக்குநர் கையசைத்தார். உதவியாளர் ஒருவர் முத்திரை வைத்த கண்ணாடிப் பையை ஏந்திவந்தார். உள்ளே பாஸ்போர்ட், படமுள்ள பக்கம் தெரிய விரித்திருந்தது. வர்சினி கையை நீட்டினாள்.

"தொடக்கூடாதும்மா. சாட்சிப் பொருள்," என்றார் உதவியாளர், மிக மரியாதையாக.

இயக்குநர் பையை உயரத் தூக்கிப் பிடித்தார். கேமராக்கள் நெருங்கின. பாதிக்கப்பட்டவரின் அடையாளம் வெளியே தெரியக்கூடாது என்ற விதி கடைசி நொடியில் நினைவுக்கு வர, கட்டைவிரலை நகர்த்திப் படத்திலிருந்த அவள் முகத்தின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டு புன்னகைத்தார்.