அவிய கூட்டத்துப் புள்ள

"அவனைப் பத்தி என்ன வேணும்னாலும் கோர்ட்டுல சொல்லு அம்மணி. குடிச்சான், அடிச்சான், எல்லாத்தையுஞ் சொல்லு. ஆனா புள்ளைய மட்டும் கேட்டுப்போடாதே."

"ஏனுங்கப்பா? நான் பெத்த புள்ளதானுங்களே?"

"நீ பெத்தாலும் அது அவிய கூட்டத்துப் புள்ள. நாளைக்கு ஒரு கல்யாணம் காச்சின்னா, எந்தக் கூட்டம், எந்தக் கொலம்னுதான் மொதல்ல கேப்பாங்க. அப்பன் ஊட்டுலிருந்து பிரிச்சுக் கொண்டாந்த புள்ளைக்கு யாரு வந்து மொறை செய்வாங்க? அதைக் கேக்கறது நமக்கு நாயமில்ல கண்ணு."

காரமடைத் தோட்டத்தில், மோட்டார் சத்தத்துக்கு நடுவே நஞ்சுண்டன் மகளிடம் இப்படிச் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. பெருந்துறையில் புருஷன் வீட்டிலிருந்து, குழந்தையை அங்கேயே விட்டுவிட்டு, வீங்கிய கன்னத்தோடு பிறந்த வீடு வந்து சேர்ந்திருந்த சாந்தாமணிக்கு அன்றைக்கு அப்பாவை எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. வக்கீல் எழுதிய மனுவில் விவாகரத்து இருந்தது, ஜீவனாம்சம் இருந்தது, சீராகப் போட்ட நகைகூட இருந்தது. மகள் லோகப்பிரியாவைக் கேட்டு ஒரு வரி இல்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் கோயமுத்தூர் வந்து, அந்த ஒன்றை மட்டும் கேட்காமலேயே பஸ் ஏறினாள்.

குடும்ப நீதிமன்றம் மற்ற கோர்ட்டுகளைப் போல இல்லை. அவரவர் வழக்கை அவரவர் வாயாலேயே சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஆலோசகர் ரூத் மேடத்தின் அறையில் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார வேண்டும்.

அன்றைக்குத் தனபால் தன் அக்கா புவனாவோடு வந்திருந்தான். ரூத் சொல்லியிருந்தபடி குழந்தையையும் கூட்டி வந்திருந்தார்கள். சாந்தாமணி கையை நீட்டினாள். ஏழு வயது லோகப்பிரியா அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றாள்.

"வாங்க மகராணி," என்றாள் புவனா. "புருசன் ஊட்டுச் சோறு கசந்துபோச்சு, கோர்ட்டுப் படி இனிக்குதாக்கும்?"

"சோறு கசக்கலீங்க நங்கை," என்று நாத்தனாருக்குப் பதில் சொன்னாள் சாந்தாமணி. " கூடவே வந்த ஒதைதான் கசந்துச்சு."

"ஆம்பளைன்னா ரெண்டு தட்டு தட்டத்தான் செய்வான். எங்கூட்டுக்காரரு தட்டாததா? நான் என்ன கோர்ட்டுக்கா ஓடுனேன்?"

"நீங்க ஓடலைங்கறதுதானுங்க உங்க தம்பிக்குத் தைரியம்."

ரூத் பேனாவால் மேஜையைத் தட்டினார். "போதும். தனபால், குடியை நிறுத்த ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருந்தேனே, போனீங்களா?"

ஏலக்காயை மென்றுகொண்டிருந்த தனபால் சிரித்தான். "ஆஸ்பத்திரி எதுக்குங்க மேடம்? எங்க கொலதெய்வத்துக்கு முன்னால கர்ப்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணிப்போட்டனுங்க."

"மூணு தடவை அணைச்சாச்சுங்க மேடம்," என்றாள் சாந்தாமணி. "மொதத் தடவை அதை நம்பித்தான் முன்னால போட்ட கேஸை வாபஸ் வாங்கினேன். கர்ப்பூரக் கடைக்காரர் பொழைச்சதுதான் மிச்சம்."

"பாத்தீங்களா மேடம் வாய? இந்த வாய்க்குத்தான் வாங்குறா!"

அவன் பேசப் பேச ஏலக்காயையும் மீறிக்கொண்டு அந்த வாடை மேஜையைத் தாண்டி வந்தது. இதே வாய்தான், கல்யாணமான புதிதில், பார்த்துவிட்டு வந்த சினிமாவின் கதை முழுவதையும் வசனத்தோடு சொல்லி அவளைத் தூங்கவிடாமல் சிரிக்க வைத்தது. அந்த மனிதனைத் தேடித் தேடியே ஒன்பது வருடத்தைத் தொலைத்தாள். இன்று தேடத் தோன்றவில்லை. ரூத் தன் குறிப்பில், "சமரசத்துக்கு வழியில்லை" என்று எழுதி, எல்லோரையும் நீதிபதியின் அறைக்கு அனுப்பினார்.

சின்ன அறை. வயதான நீதிபதி சாதாரண மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மகளோடு வந்து வெளியில் காத்திருந்த நஞ்சுண்டன் உள்ளே வந்து, துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி கதவோரம் நின்றார்.

"குழந்தை யார்கிட்ட வளருது?" என்று கேட்டார் நீதிபதி.

"எங்ககிட்டத்தானுங்க சார்," புவனா முந்திக்கொண்டாள். "ராசாத்தி மாதிரி வளருதுங்க. இந்த வயசுலயே அவ்வளவு சூட்டிப்பு. அப்பனுக்கு வேணுங்கறதை ஒண்ணொண்ணா அதுவே எடுத்துக் குடுக்குமுங்க."

நீதிபதி குழந்தையின் பக்கம் குனிந்தார். "அப்படியா? அப்பாவுக்கு என்னென்ன எடுத்துக் கொடுப்பே?"

இவ்வளவு நேரம் தலை குனிந்திருந்த லோகப்பிரியா, தன்னைப் புகழ்ந்ததில் நிமிர்ந்தாள். "பிராந்தி ஊத்தித் தருவனுங்க. பாதி டம்ளரு பிராந்தி, அப்பறஞ் சோடா. சோடா ஜாஸ்தியாயிட்டா அப்பா டம்ளரை எம்மேல வீசிப்போடுவாரு. இப்பெல்லாம் எனக்குச் சரியா வருதுங்க. காத்தால பஸ்ஸுக்குப் பொறப்படறப்பக்கூட நாந்தான் ஊத்துனேன். இல்லீங்களா அத்தை?"

புவனாவின் கை குழந்தையின் தோளை நறுக்கென்று கிள்ளியது.

"பொய் சொல்லுதுங்க சார்! அவளோட ரத்தம்தானே, வேறெப்படி இருக்கும்?" தனபால் எகிறினான். அவன் குரல் உயர்ந்த மாத்திரத்தில் குழந்தை இரண்டு கைகளாலும் தலையை மறைத்துக்கொண்டு சுவரோரம் ஒண்டியது. பழகிப்போன வேகம் அது.

"உட்காருங்க," என்றார் நீதிபதி. அவன் உட்கார்ந்தான். அவர் மனுவை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிவிட்டு, சாந்தாமணியைப் பார்த்தார். "விவாகரத்து கேட்டிருக்கீங்க. ஜீவனாம்சம் கேட்டிருக்கீங்க. குழந்தையைக் கேட்கவே இல்லையேம்மா. நீங்க கேட்காம நான் எதை உத்தரவா எழுதறது? அப்பாவோடயே இருக்கட்டும்னு உங்களுக்குச் சம்மதமா?"

"அவ எப்படிங்க கேப்பா?" புவனா சீறினாள். "எங்க கூட்டத்துப் புள்ளைய கேக்க அவளுக்கு என்ன பாத்தியதை இருக்குதுங்க? அவளைப் பெத்தவரே ஒத்துக்க மாட்டாருங்க. அந்தா நிக்கறாரு, அவரையே கேளுங்க!"

எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள். நஞ்சுண்டன் மகளைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல மெதுவாகத் தலையை அசைத்தார்.

சாந்தாமணி அப்பாவிடமிருந்து கண்ணை எடுத்தாள். சுவரோரம் போய், இன்னும் இறங்காமல் இருந்த அந்தச் சின்னக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள். பிடித்த பிடியை விடாமல் நீதிபதியின் பக்கம் திரும்பினாள். அவள் குரல் அறை முழுவதும் கேட்டது.

"எம் புள்ளைய எனக்குக் குடுங்க சார். இன்னைக்கே குடுத்துருங்க."