கடல்நாய் கடித்த மீன்

அன்று காலையும் ஆற்று அணையின் மீன்பொறிக்குள் வந்தது எல்லாம் மொட்டைதான். நோரீன் இடுப்பளவுத் தண்ணீரில் ரப்பர் கால்சட்டையோடு நின்று, வலையில் மாட்டிய ஒவ்வொரு சால்மனையும் வயிற்றுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்கி முதுகைப் பார்த்தாள். வாலுக்குச் சற்று முன்னால் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு சதைத் துடுப்பு இருக்க வேண்டும். இருந்தால் அது ஆற்றிலேயே பிறந்த மீன்; அணையைத் தாண்டி ஏரிக்குப் போகலாம், முட்டையிடலாம். இல்லையென்றால் பொரிப்பகத்தில் பிறந்து, குஞ்சாக இருக்கும்போதே துடுப்பை நறுக்கி ஆற்றில் விடப்பட்டது. ஊர் அதற்கு வைத்த பெயர் மொட்டை. மொட்டைக்கு மேலே வழி கிடையாது. தலையில் ஒரு அடி, அப்புறம் யாராவது ஒருவர் வீட்டு வாணலி.

"மொட்டை," என்றாள் நோரீன். "இதுவும் மொட்டை. சனியன், இதுவும் மொட்டை!"

"மீனை ஏன் திட்டுற? அது என்ன தானா போயி முடி வெட்டிக்கிச்சா?" என்றார் மலக்கி. கரையில் மீனை அடிக்கும் கட்டையோடு உட்கார்ந்திருந்தார். முப்பது வருடமாக இந்தப் பொறியில் வேலை செய்கிறவர். மீனைக்கூட நிமிர்ந்து பார்க்கமாட்டார். கட்டைவிரலால் முதுகைத் தடவியே ஜாதகம் சொல்லிவிடுவார்.

மதிலுக்கு மேலே வழக்கமான தலைகள் முளைத்திருந்தன. எல்லார் கையிலும் பிளாஸ்டிக் பை. முன்னால் நின்றவள் டிம்ப்னா, நோரீனின் கணவன் கோல்மனுக்கு அக்கா, பாலத்துக்கு அருகில் விடுதி நடத்துகிறவள்.

"நோரீன், அந்தக் கொழுத்தது மொட்டைதானே?"

"துடுப்பு இருக்கு."

"நல்லாப் பாரும்மா. ஏதாவது பாசி ஒட்டியிருக்கும்."

"பாசிக்கும் துடுப்புக்கும் வித்தியாசம் தெரியாமத்தான் இத்தனை வருஷமா இங்க நிக்கிறேனா? ஞாயித்துக்கிழமை கோயில்ல மண்டி போட்டு ஆத்து மீன் பெருகணும்னு வேண்டுறீங்க. திங்கக்கிழமை பையைத் தூக்கிட்டு வந்து மொட்டை வரலையான்னு கேக்குறீங்க. கடவுளுக்கே தலை சுத்தும்."

"வேண்டுறது வேற, சமையல் வேற," என்றாள் டிம்ப்னா, கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

நோரீனுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? ஆற்று மீன் குறைந்துபோனதால் மூன்று வருடமாக இந்த ஆற்றில் யாரும் தூண்டில் போடக்கூடாது. சீசன் முடிவதற்குள் அறுநூறு ஆற்று மீன் பொறியைக் கடந்து மேலே போனால் அடுத்த வசந்தத்தில் தடையை எடுப்பார்கள். இல்லாவிட்டால் இல்லை. மொட்டைகள் ஆயிரம் வந்தாலும் கணக்கில் சேராது.

கோல்மனின் வேலையே தூண்டில்காரர்களைப் படகில் ஏற்றி ஏரியைச் சுற்றிக் காட்டுவதுதான். எந்தக் காற்றுக்கு எந்தக் கல்லருகே மீன் நிற்கும் என்று சொல்கிற வேலை. தடை வந்த நாளிலிருந்து வேலி கட்டினான், கன்றுக்குட்டி வளர்த்தான், அடுத்தவர் கூரையைச் சரிசெய்தான். இப்போது நார்வேயிலிருந்து அவனுடைய சித்தப்பா மகன் கூப்பிடுகிறான். கடலுக்குள் கூண்டு கட்டி மீன் வளர்க்கும் பண்ணை, தீவனப் படகிலேயே தங்கல், மாதக்கணக்கில் அங்கே, சில நாள் மட்டும் வீடு. ஆறு திறக்கவில்லையென்றால் போவதாகச் சொல்லியாகிவிட்டது.

அவன் போகக்கூடாது. நோரீனுக்கு வேண்டியது அவ்வளவுதான். அவன் இருந்தால் காலை எழுந்ததிலிருந்து சண்டைதான். சேற்றுக் காலோடு உள்ளே வருவான், வெண்ணெயில் ஜாம் கத்தியை விடுவான். ஆனால் அவன் இல்லாத அந்த வீட்டில் ஒரு வாய் சாப்பாடு தனக்கு இறங்காது என்று அவளுக்குத் தெரியும். அதை அவனிடம் சொன்னதில்லை. சொன்னால் இன்னும் ஆடுவான் என்று விட்டுவிட்டாள்.

ஜூலை தொடக்கத்தில் நல்ல மழை பெய்து ஆறு பழுப்பாகப் பெருகியபோது அந்தப் பெரிய பெட்டை மீன் வந்தது. தலைக்குப் பின்னால், இடது பக்கம், அரைவட்டமாகச் சதை பிய்ந்து ஆறியிருந்தது. கடல்நாய் கடித்த தழும்பு. முதுகில் துடுப்பு கம்பீரமாக நின்றது.

"கடல்நாய்க்கும் நம்ம ஊரு புத்திதான்," என்றார் மலக்கி. "ஒரு கடி கடிச்சிருக்கு. துடுப்பு இருக்குன்னு தெரிஞ்சதும், அய்யய்யோ நோரீன் பாத்துருவாளேன்னு விட்டிருக்கு."

அன்று நோரீன் சிரித்தாள். மீனை அணைக்கு மேலே இருந்த மேல்குட்டையில் விட்டபோது அது வாலை ஒரு வீசு வீசி, அவள் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போனது.

அதன் பிறகு மழை நின்றது. ஆறு வற்றிக் கற்கள் முதுகைக் காட்டின. அந்த மாதிரி நாட்களில் ஒரு சால்மனும் ஏறாது. கழிமுகத்திலேயே படுத்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். ஆனால் இந்த வருடம் ஏறின. ஒரு காலை நாலு, இன்னொரு காலை ஏழு, எல்லாம் துடுப்போடு. மொட்டை ஒன்றுகூட இல்லை. மதிலில் இருந்த தலைகள் பைகளை மடித்துக்கொண்டு முணுமுணுத்தபடி வீட்டுக்குப் போயின.

"தண்ணி முழங்காலுக்கு இல்ல," என்றார் மலக்கி. "இதுங்க எப்படி வருது? நடந்தா வருது?"

"வந்த மீன்கிட்டப் போயி ஏன் வந்தேன்னு விசாரிக்கணுமா? கட்டையைக் கீழ போட்டுட்டு வலையைப் புடிங்க."

வேறு ஆற்றில் இப்படி நடந்திருந்தால் முதல் ஆளாக அவளே சந்தேகப்பட்டிருப்பாள். இங்கே சந்தேகப்பட அவளுக்கு மனமில்லை. மீன்வளத் துறை அலுவலகத்தில் இருந்து ஒரு பெண் ஃபோனில் கூப்பிட்டுக் குதூகலித்தாள். கோல்மன் படகைக் கவிழ்த்துப்போட்டு பச்சை பெயின்ட் அடித்தான், பாட்டு வேறு. சாயங்காலம் கன்றுக்குட்டிகளைப் பார்க்கப் போகிறேன் என்று வேனை எடுத்துக்கொண்டு போவான், இருட்டும் நேரத்துக்கு வருவான். மறுநாள் மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் முதல் கேள்வி, "எத்தனை?"

"அஞ்சு."

"அஞ்சுதானா?" என்பான், ஏதோ கடைக்காரன் எடை குறைத்த மாதிரி.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அந்தக் கடிபட்ட பெட்டை மறுபடியும் பொறிக்குள் கிடந்தது. நோரீன் அதைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"இதை முன்னாடியே மேல விட்டோமே."

"எனக்கென்ன தெரியும்? நான் முதுகைத்தான் பாப்பேன். மொகத்தை யாரு பாக்குறா?" என்றார் மலக்கி.

மேலே போன மீன் சில சமயம் அணை வழியாகச் சறுக்கிக் கீழே வந்துவிடுவது உண்டுதான். ஆனால் அதற்கு வெள்ளம் வேண்டும். இருந்தாலும் அவள் அதையே தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஒரு கணம் தயங்கினாள், பிறகு அதையும் கணக்கில் சேர்த்தாள்.

மூன்றாம் முறை வந்தபோது அதன் வெள்ளி எல்லாம் போயிருந்தது. விலாவில் செதில்கள் உதிர்ந்து, அந்த இடத்தில் வெள்ளைப் பூஞ்சை பஞ்சு மாதிரி படர்ந்திருந்தது. நோரீன் அதை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "மூச்சு விடு. விடும்மா, விடு," என்று கெஞ்சினாள். செவுள் இரண்டு தடவை திறந்தது, அப்புறம் திறக்கவில்லை. தூக்கி நெஞ்சோடு அணைத்தபோதுதான் அந்த வாசனை வந்தது. மீன் வாசனை இல்லை. இனிப்பாக, வெனிலா கலந்த பவுடர் வாசனை. கன்றுக்குட்டிக்குக் கரைத்துக் கொடுக்கும் பால்மாவு. அவள் வீட்டுப் பின்கட்டில், கோல்மனின் கோட்டில், வேனில், எங்கே மூக்கை வைத்தாலும் அடிக்கிற அதே வாசனை.

"அடப் பாவி மனுசா," என்றாள் நோரீன்.

மலக்கி குனிந்து முகர்ந்து பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள், "ஒரு வார்த்தை பேசாதீங்க," என்று சொல்லிவிட்டு, மீனை ஈரச் சாக்கில் சுருட்டிக்கொண்டு கரையேறினாள்.

வீட்டில் கோல்மனும் டிம்ப்னாவும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சோடா ரொட்டிக்கும் வெண்ணெய்க்கும் நடுவில் நோரீன் மீனைப் போட்டாள். மேஜை அதிர்ந்து டீ சிந்தியது.

"மொட்டையா?" என்றாள் டிம்ப்னா, கண் விரிய.

"துடுப்பு இருக்கு. மூணு தடவையும் இருந்துச்சு. உங்க தம்பியைக் கேளுங்க."

கோல்மன் மீனைப் பார்த்தான். காது நுனி வரை சிவந்தது. "செத்துப்போச்சா?"

"பால்மாவு டிரம்முல உக்கார வச்சு, வேன்ல ஊர்வலம் கூட்டிட்டுப் போயி, பொறிக்குக் கீழ கொண்டுபோயி விட்டா சாகாம டான்ஸா ஆடும்? டிரம்மையாவது கழுவுனியா நீ?"

"கழுவினேன்," என்றான் அவன், மிகச் சின்னக் குரலில். "ரெண்டு தடவை."

"எத்தனை மீனு?"

"எண்ணலை."

"எண்ணலையாம்! அதான் எண்ணுறதுக்கு ஒரு பைத்தியக்காரி தண்ணிக்குள்ள நிக்கிறாளே!"

டிம்ப்னா கோப்பையை வைத்தாள். "இப்ப என்ன நடந்துபோச்சு? அவன் மீனைத் திருடலையே. ஆத்துல எடுத்தான், ஆத்துலயே விட்டான். எல்லா ஊர்லயும் மீனை வெளிய எடுத்தாத்தான் குத்தம். உள்ள போட்டதுக்குத் திட்டு வாங்குறவன் என் தம்பி ஒருத்தன்தான்."

"நீங்களும் இதுல கூட்டா?"

"டார்ச் புடிச்சேன். அவ்வளவுதான்."

நோரீன் தலையில் அடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கோல்மன் மேஜையைப் பார்த்தபடியே பேசினான். "வலையை நீட்டினா மேல்குட்டையில கைக்கெட்டுற தூரத்துலதான் நிக்குதுங்க. ஒரு நாள் சும்மா செஞ்சு பாத்தேன். நீ மறுநாள் வந்து எவ்வளவு சந்தோசமா சொன்ன தெரியுமா? அந்த மொகத்தைப் பாத்து ரொம்ப நாளாச்சு. அதான் மறுபடியும் போனேன். எனக்கு அந்த நார்வேக்குப் போக வேண்டாம், நோரீன்."

"எனக்கு மட்டும் உன்னை அனுப்பணும்னு ஆசையா?" அவள் குரல் உடைந்தது, அதில் அவளுக்கு இன்னும் கோபம் வந்தது. "ஒவ்வொரு மீனைத் தூக்கும்போதும் இவன் இங்கயே இருக்கணும், இவன் இங்கயே இருக்கணும்னுதான் தூக்குறேன். நீ எனக்குக் காதுல பூ சுத்தியிருக்க!"

இத்தனை வருடத்தில் அவள் அப்படிச் சொல்லி அவன் கேட்டதில்லை.

"இன்னும் கொஞ்சம்தானே குறையுது," என்றாள் டிம்ப்னா மெதுவாக. "நாலு பேருக்குத்தான் தெரியும். மலக்கி கிழவனுக்கு ஒரு பாட்டில் வாங்கிக் கொடுத்தா அவரும் மறந்துருவாரு. அவன் இங்கயே இருப்பான்."

நோரீனும் மனுஷிதானே, ஆசை இழுக்கத்தான் செய்தது. பிறகு கத்தியை எடுத்து மீனின் வயிற்றைக் கீறினாள். ஆரஞ்சு நிறத்தில், இன்னும் சிறுசு சிறுசாக, முட்டைகள் ரொட்டித் தட்டில் சரிந்தன.

"இதைப் பாரு. நீ ஒண்ணை மூணாக்கினேன்னு நெனச்ச. இப்ப அந்த ஒண்ணும் இல்ல, இதுங்களும் இல்ல. இல்லாத மீனைக் காட்டி ஆத்தைத் திறந்தா, இருக்கிற நாலையும் புடிச்சுத் தின்னுட்டுப் போயிருவாங்க. அப்புறம் படகுல உக்காந்து யாருக்கு எதைக் காட்டுவ, கோல்மன்? கல்லையா?"

அவன் முட்டைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு எழுந்துபோய் ஃபோனை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தான்.

அலுவலகத்துப் பெண் முதலில் நம்பவில்லை. அப்புறம் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் ஏதேதோ உளறினாள். எந்த மீன் உண்மையாக வந்தது, எது வேனில் வந்தது என்று பிரிக்க வழியில்லை. அதனால் மழையில்லாத நாட்களில் ஏறிய அத்தனையையும் கணக்கிலிருந்து அடித்துவிடச் சொன்னார்கள். கோல்மனுக்குக் கடுமையான எச்சரிக்கை. நோரீனின் வேலை தப்பியது.

ஆகஸ்டில் மழை வந்தது. கழிமுகத்தில் காத்துக்கிடந்த மீனெல்லாம் ஏறியது, மொட்டையும் துடுப்புமாகக் கலந்து. நோரீன் கை மரத்துப்போகும் வரை தூக்கினாள். மலக்கிகூட இப்போது மீனின் முகத்தைப் பார்த்தார். ஆனால் சீசன் முடிந்தபோது அறுநூறை எட்டவில்லை. பெரிய அளவில்கூட இல்லை, கொஞ்சம்தான் குறைந்தது. அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

கோல்மன் கிளம்பிய காலையில் ஆறு இன்னும் நிறைந்தே ஓடியது; சீசன் கணக்கு முடிந்தும் மீன் ஏறிக்கொண்டிருந்தது. விமான நிலையத்துக்குப் போகிற வழியில் டிம்ப்னா வேனைப் பொறிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். வீட்டிலேயே விடைபெற்றாகிவிட்டது, அங்கே இரண்டு பேரும் பாஸ்போர்ட்டை எங்கே வைத்தாய் என்று சண்டை போட்டதோடு சரி. இப்போது அவன் மதிலில் வந்து சாய்ந்தான். நோரீன் கையில் ஒரு மீன், நல்ல வெள்ளியாக, கடல் வாசனையோடு துள்ளிக்கொண்டிருந்தது.

"துடுப்பு இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு."

"அப்ப மேல விடேன். ஏன் புடிச்சுக்கிட்டே நிக்கிற?"

"நீ மொதல்ல போ. நீ இருக்கும்போது விட்டா இதையும் வண்டியில ஏத்திருவ."

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத் திரும்பி நடந்தான். வேன் பாலத்தைத் தாண்டும் வரை நோரீன் தண்ணீருக்குள் நின்று பார்த்தாள். மலக்கி கட்டையைக் கீழே வைத்துவிட்டு, இல்லாத எதையோ வலையில் தேடிக்கொண்டிருந்தார்.

அவள் மீனை மேல்குட்டையில் இறக்கிக் கையை எடுத்தாள். அது சற்று நேரம் அங்கேயே நின்றது, பிறகு ஏரிப் பக்கமாகப் போனது.

"ஒண்ணு," என்றாள் நோரீன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "எழுதிக்கோங்க. ஒரே ஒரு தடவை."