அப்பாவின் நெற்றியில் துருவக் கடல்

எங்கள் வீட்டில் ஒரு பொருளைப் பத்திரமாக வைக்கச் சொன்னால் அது போய்ச் சேரும் இடம் ஒன்றுதான், சாமித்தட்டு. சங்கிலி, காணி உறுதிப் பத்திரம், என் கடவுச்சீட்டு எல்லாம் பிள்ளையாருக்குப் பின்னால்தான் இருக்கும். இது தெரிந்திருந்தும் அம்மாவிடம் அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியைக் கொடுத்து, "கவனம் அம்மா, இது இன்னொருக்கால் கிடைக்காது" என்று சொல்லிவிட்டுக் கிணற்றடிக்குப் போன என்னை என்னவென்று சொல்வது!

குப்பிக்குள் இருந்தவை துருவக் கடலின் அடியிலிருந்து எடுத்த, நுண்ணிய கடலுயிர்களின் ஓடுகள். பார்வைக்கு வெள்ளைத் தூள். நுணுக்குக்காட்டியில் வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு குட்டிச் சங்கு. கடுங்குளிர் நீரில் வாழும் இனம் இடப்பக்கம் சுருளும். சற்றுச் சூடான நீரை விரும்பும் அதன் சொந்தக்கார இனம் வலப்பக்கம் சுருளும். இடம்புரி எத்தனை, வலம்புரி எத்தனை என்று எண்ணினால், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தக் கடல் எப்படி இருந்தது என்று சொல்லிவிடலாம். நோர்வேயில் இதுதான் என் படிப்பு.

இந்த ஓடுகள் கிடைத்த கடலடி மண்படையில் வலம்புரிகள் அதிகம் என்று நான் எழுதியதைப் பேராசிரியர் நம்பவில்லை. திரும்ப எண்ணச் சொல்லிவிட்டார். மிச்சமிருந்தது இந்த ஒரு குப்பிதான். விடுமுறையில் எண்ணி முடிக்கலாம் என்று, நான் படித்த பள்ளிக்கூடத்தில் நுணுக்குக்காட்டியை இரவல் வாங்கி வைத்திருந்தேன்.

குளித்துவிட்டு வந்தால் சாமித்தட்டில் வெறும் குப்பி.

"கொப்பர் பூசிக்கொண்டு கூட்டத்துக்குப் போட்டார்" என்றார் அம்மா.

"என்னத்தை?"

"நீ கொண்டந்த திருநீறைத்தான். பிள்ளை வெளிநாட்டுக் கோயிலிலை இருந்து கொண்டந்திருக்கு எண்டு தண்ணி விட்டுக் குழைச்சு, மூண்டு குறி இழுத்தவர். நெத்தியிலை கரகரக்குது எண்டும் சொன்னவர்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் பிள்ளையாரே கொஞ்சம் ஒதுங்கி நின்றிருப்பார். அப்பா கிளிநொச்சியில் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் கூட்டத்துக்குப் போயிருந்தார். எங்கள் காணி தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைவாய்க்காலில் இருக்கிறது. கோடையில் விதைக்கும் சிறுபோகத்துக்கு அங்கேயும் தண்ணீர் விடவேண்டும் என்று மாதக்கணக்காகச் சண்டை பிடிக்கிறவர். "கடல் சூடா இருந்தா என்ன, குளிரா இருந்தா என்ன? எங்கட வயலுக்குத் தண்ணி வருமோ?" என்று என் படிப்பை நக்கலடிப்பவரும் அவர்தான்.

ஸ்கூட்டியை விரட்டிக்கொண்டு போனேன். வெயில் கொளுத்தியது. அப்பாவின் நெற்றியில் ஹெல்மெற் உரசியிருக்கும், வேர்வை ஓடியிருக்கும் என்று நினைக்க நினைக்க இன்னும் முறுக்கினேன். மண்டபத்துக்குள் நுழையவும் அப்பா லேஞ்சியை நெற்றிக்குக் கொண்டு போகவும் சரியாக இருந்தது.

"அப்பா! துடைக்காதேங்கோ!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் போய்க் குனிந்து மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். "அது திருநீறில்லை அப்பா. என்ரை கடல். வேற இல்லை, அவ்வளவுதான் மிச்சம்."

அந்த நேரம் பார்த்துக் கமக்காரர் அமைப்புச் செயலாளர் வீரகத்தி கூப்பிட்டார். "அடுத்தது மயில்வாகனண்ணை. கடைவாய்க்கால் காணியளைப் பற்றிக் கதையுங்கோ."

அப்பா எழும்பினார். அவர் கதைக்கத் தொடங்கினால் புருவம் நெற்றி உச்சிவரை ஏறி இறங்கும். முடிந்தது என்று நினைத்தேன்.

"வீரகத்தி, என்ரை கதையையும் நீயே கதை. பிள்ளையின்ரை கடல் நெத்தியிலை காயுது. நான் போறன்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

வண்டிகள் இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு ஏறிய ஆட்டோவில், வழி முழுக்க முகத்தை அண்ணாந்தபடியே இருந்தார். பள்ளம் வந்தபோது மட்டும், "மெல்ல ஓடு தம்பி" என்றார். உள்ளே ஒட்டியிருந்தது சிந்தாமல் அவருடைய ஹெல்மெற்றை நான் மடியில் ஏந்தியிருந்தேன்.

வீட்டில் வெள்ளைக் கோப்பைக்கு மேல் அப்பா குனிய, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுத் தூரிகையால் அவர் நெற்றியைக் கழுவினேன். நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, குழைத்ததிலும் இழுத்ததிலும் பாதிக்கு மேல் நொறுங்கிப் போயிருந்தது. திரும்பவும் அப்பாவின் நெற்றிக்கு வந்தேன். அங்கே ஆழமான சுருக்கங்கள். வாய்க்காலைப் பார்த்துப் பார்த்தே விழுந்த சுருக்கங்கள். தூரிகை நுனியை ஒவ்வொன்றின் உள்ளேயும் விட்டு எடுத்தேன். முழு ஓடுகள் அதற்குள்தான் தப்பிக் கிடந்தன. எண்ணுவதற்குப் போதுமானவை.

பாதி எண்ணும்போது வீரகத்தி தொலைபேசியில் வந்தார். அப்பா கேட்டுவிட்டு, "சரி" என்று வைத்தார்.

"என்னவாம் அப்பா?"

"இந்தப் போகம் கடைவாய்க்காலுக்குத் தண்ணி இல்லையாம்." கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டார். "அதை விடு. வலம்புரி கூடவோ?"

"ஓம் அப்பா. கூடத்தான்."

"அப்ப உன்ரை வாத்தியாருக்கு அடிச்சுச் சொல்லு, நீ சொன்னதுதான் சரியெண்டு."

அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. அழுதுவிட்டேன். அப்பா பதறிப்போய் கோப்பையை என் முகத்துக்குக் கீழேயிருந்து இழுத்தெடுத்தார்.

"அங்கால திரும்பி அழு பிள்ளை. இதுக்கை விழப்போகுது."