ஏன் என்று சொல்லாத கதவு

அத்தானிடம் பேருந்து நிறுத்தத்துக்கு வழி கேட்டவர்கள் யாரும் அன்றைக்குப் பேருந்தைப் பிடித்ததில்லை. வழியைச் சொல்வார்; எதில் ஏறக் கூடாது என்று சொல்வார்; ஏன் ஏறக் கூடாது என்றும் சொல்வார். அதற்குள் ஏற வேண்டிய பேருந்து அவர்கள் முதுகுக்குப் பின்னாலேயே போய்விடும். கேட்டவரைப் பதில் சொல்லாமல் அனுப்புவது பாவம் என்பது அவர் கட்சி.

அலுவலகம் முழுக்க அவருக்கு அத்தான் என்றுதான் பெயர். அவருடைய மச்சினி, அதாவது மனைவியின் தங்கை, அதே நிறுவனத்தின் பாதுகாப்புச் சோதனைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த அன்றே நடைபாதையின் அந்தக் கோடியிலிருந்து "அத்தான்!" என்று ஒரு குரல் கொடுத்தாள். அன்றோடு அவருடைய சொந்தப் பெயர் அழிந்தது. அவரைவிட மூத்த மேலாளரே "அத்தானைக் கூப்பிடுங்க" என்கிறார். காவலாளி விறைப்பாக சல்யூட் அடித்து, "குட்மார்னிங் அத்தான்" என்கிறார்.

மச்சினிக்கு என்ன வேலை என்றால், மற்றவர்கள் எழுதிய புரோகிராம்களுக்குள் திருடனைப் போல நுழைந்து பார்ப்பது. அதற்குச் சம்பளம் வேறு கொடுக்கிறார்கள்.

அத்தானின் புரோகிராம்கள் இத்தனை வருஷமும் பின்னறைக் கம்ப்யூட்டருக்குள் தம்பாட்டுக்குப் படுத்துக் கிடந்தன. இப்போது மேலிடம், எல்லாம் வெப் சர்வீஸாக மாற வேண்டும் என்றது. ஒரு புரோகிராம் நெட்வொர்க் வழியாக வந்து இன்னொன்றின் வாசலில் நின்று கேள்வி கேட்கும். உள்ளே இருப்பது, வந்த ஆள் யாரென்று பார்த்துப் பதில் சொல்லும். அத்தான் தலையில் விழுந்தது கதவு சர்வீஸ். அறைக்குள் போகவும் கார்டு, வெளியே வரவும் கார்டு. கார்டைக் காட்டினால், "இவரை விடலாமா?" என்று கதவு கேட்கும். சர்வீஸ் தீர்ப்புச் சொல்லும்.

வெள்ளிக்கிழமை சோதனை. மதியச் சாப்பாட்டுக்குள் மச்சினி சர்வீஸுக்குள் புகுந்துவிட்டால் அந்த வேலை வெளிக் கம்பெனிக்குப் போகும், அத்தான் பிரிண்டர் பிரிவுக்குப் போவார். அங்கே போனவர்கள் திரும்பியதாக வரலாறு இல்லை. கடைசியாகப் போனவர், சிக்கிய காகிதத்தை எடுக்கக் குனிந்தார். ஓய்வு பெறுகிற அன்றைக்குத்தான் நிமிர்ந்தார்.

பயிற்சி கொடுக்க ஒருவரை அனுப்பியிருந்தார்கள். எதைக் கேட்டாலும் "அது அடுத்த ஸ்லைடுல வருது சார்" என்பார். அடுத்த ஸ்லைடில் வேறு ஏதாவது வரும். டோக்கன் என்றால் என்ன என்று அத்தான் திங்கட்கிழமை கேட்டார். புதன்கிழமை வரை அது அடுத்த ஸ்லைடிலேயே இருந்தது. அத்தானுக்கு மண்டை காய்ந்தது. கேள்வி கேட்டவனை இப்படித் தவிக்க விடுகிற மனுஷனை எந்தத் தாய் பெற்றாள் என்று அவருக்கு விளங்கவில்லை.

புதன்கிழமை மாலை மச்சினி ஒத்திகை பார்த்தாள். கையிலிருந்த காபி ஆறுவதற்குள் உள்ளே போய்விட்டாள். ஏதோ ஒரு பெயரைத் தட்டினாள். "அப்படி ஒருவர் இங்கே இல்லை. நீங்கள் தேடுவது கணக்குப் பிரிவு மேலாளரையோ?" என்றது சர்வீஸ். ஆமாம் என்று வாய்க்கு வந்த பாஸ்வேர்டைப் போட்டாள். "இரண்டு எழுத்து குறைகிறது. போன மாதம்தானே உங்கள் மகள் பெயருக்கு மாற்றினீர்கள், மறந்துவிட்டதா?" என்று சர்வீஸ் ஆறுதல் சொன்னது. மாமியார் வீட்டில்கூட அவளுக்கு அப்படி ஒரு உபசாரம் நடந்ததில்லை.

"அத்தான், இது சர்வீஸ் இல்ல, விசாரணை கவுண்டர்."

"கேக்கறவங்களுக்கு விவரம் சொல்றது தப்பாம்மா?"

"திருடன்கிட்ட போய், பீரோ சாவி தலகாணிக்கு அடியில இருக்கு, பாத்து எடுங்க, பக்கத்துல மூக்குக்கண்ணாடி இருக்கு, குத்திடப்போகுதுன்னு சொல்றீங்க. உள்ள விட முடியலன்னா ஒரே வார்த்தை. முடியாது. ஏன்னு சொல்லவே கூடாது."

"ஏன்னு சொல்லாம எப்படிம்மா..."

"ஏன்னு சொன்னா பிரிண்டர் பிரிவு."

வீட்டில் மனைவியிடம் முறையிட்டார். "கல்யாணமான நாள்லேர்ந்து இதைத்தான் நான் சொல்றேன். என் தங்கச்சி சொன்னாத்தான் ஏறுமா?" என்று அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் அத்தான் சர்வீஸிலிருந்து விளக்கச் செய்திகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். சொந்தப் பல்லைப் பிடுங்குவது போல இருந்தது. பயிற்சியில் அரைகுறையாகக் கேட்டதையெல்லாம் கொண்டுவந்து கொட்டினார். உள்ளே வந்தவரின் அனுமதி டீ குடித்து முடிப்பதற்குள் காலாவதியாகிவிடும். யாராவது தப்பாக முட்டிக்கொண்டே இருந்தால், அவரை மட்டுமல்ல, அவர் எந்த அறையிலிருந்து முட்டுகிறாரோ அந்த அறையையே தள்ளிவைத்துவிடும்; அங்கிருந்து எது கேட்டாலும் முடியாது. சந்தேகம் வந்தால் முடியாது. சந்தேகம் வராவிட்டாலும், எதற்கும், முடியாது.

வாயையும் பழக்கினார். வீட்டுக்குத் தண்ணீர் வடிகட்டி விற்க வந்த ஆளிடம், கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தபடியே "முடியாது" என்றார். அந்த ஆள் ஏன் என்று கேட்காமல் திரும்பி நடந்தான். அத்தானுக்குப் பொறுக்கவில்லை. தெருமுனை வரை ஓடிப்போய் அவனை நிறுத்தி, ஏன் முடியாது என்று விளக்கிவிட்டு, ஒரு வடிகட்டியும் வாங்கிக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. நடைபாதைக் கோடி அறையில் மச்சினி, மேலாளர், பயிற்சியாளர் மூவரும் உட்கார்ந்தார்கள். அத்தான் தன் நாற்காலியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தார். மச்சினி ஒரு பெயரைத் தட்டினாள். முடியாது. இன்னொன்று. முடியாது. காலை முழுக்க முட்டினாள். சுவரில் முட்டியிருந்தால் ஒரு செங்கல்லாவது பெயர்ந்திருக்கும். சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது அத்தானின் போன் அடித்தது. மச்சினி.

"அத்தான், கதவு திறக்க மாட்டேங்குது."

அத்தான் சிரித்துக்கொண்டார். நேற்று ஒரு ஸ்லைடில், தவறுதலாக, உருப்படியான ஒரு விஷயம் வந்திருந்தது: நுழைய முடியாத திருடன் போன் போட்டு, அவசரம் என்பான், ஆபத்து என்பான், உறவு கொண்டாடுவான்.

"முடியாது" என்றார்.

"ஐயோ அத்தான், நிஜமாவே மாட்டிக்கிட்டோம். அவசரப் பட்டனை அழுத்தினோம். அதுவும் உங்க சர்வீஸைத்தான் கேக்குது!"

"முடியாது."

போன் கை மாறியது. "யோவ் அத்தான், நான் மேனேஜர் பேசறேன்."

திருடன் மேலாளர் குரலிலும் பேசுவான் என்று அதே ஸ்லைடில் இருந்தது. "முடியாது" என்று வைத்துவிட்டார். ஏன் என்று ஒரு வார்த்தை வரவில்லை. உடம்பெல்லாம் புல்லரித்தது.

அடுத்த அழைப்பு மனைவியிடமிருந்து. "ஏங்க, என் தங்கச்சியை எங்கயோ போட்டுப் பூட்டி வச்சிருக்கீங்களாமே? அழுவுறா."

எதிரி எதற்கும் துணிந்துவிட்டான் என்று அத்தானுக்குப் புரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு மனைவியிடமும் "முடியாது" என்றார். இந்தப் பூமியில் அந்த வார்த்தையை அவளிடம் சொன்ன முதல் ஜீவன் அவர்தான்.

பிறகு காவலாளி ஓடிவந்தார். "அத்தான், கோடி ரூம் கதவை உள்ளேர்ந்து யாரோ உதைக்கிறாங்க."

உதைப்பது திருடனில்லை என்று அத்தானுக்கு உறைத்தது. தன் கம்ப்யூட்டரிலிருந்தே கதவைத் திறக்கப் பார்த்தார். முடியாது என்றது. அவருடைய அனுமதி காலாவதியாகியிருந்தது. அவசரத்தில் பாஸ்வேர்டைத் தப்புத் தப்பாகப் போட்டார். சர்வீஸ் அவருடைய அறையையும் தள்ளிவைத்தது. கடைசியில், காவலாளி சாத்தாமல் விட்டிருந்த கதவு வழியாகக் கோடி அறைக்கு ஓடி, கதவிடுக்கில் வாயை வைத்தார்.

"அம்மா, ஏன் திறக்கலன்னு தெரியலையே!"

"லாக்ல பாருங்க அத்தான்," என்றது உள்ளேயிருந்து மச்சினியின் குரல். "ஒவ்வொரு தடவையும் ஏன் மறுத்துச்சுன்னு உள்ள எழுதி வச்சிருக்குமில்ல, அதுல."

"எழுதி வைக்கலையே."

"ஏன்?"

"நீதானே ஏன்னு சொல்லவே கூடாதுன்ன?"

உள்ளே தலையைக் கதவில் முட்டும் சத்தம் கேட்டது.

"வெளியாளுக்குச் சொல்லாதீங்கன்னேன் அத்தான். உங்களுக்கே சொல்லிக்காதீங்கன்னா சொன்னேன்?"

காலை முழுக்க அவள் முட்டியது அந்த அறையிலிருந்துதான். அந்த அறைக் கதவும் அதே நெட்வொர்க்கில்தான் போய்க் கேட்கிறது. சர்வீஸ் அறையோடு சேர்த்துக் கதவையும் தள்ளிவைத்துவிட்டது. இதை அவளே இடுக்கு வழியாகச் சொல்லிக் கொடுத்தாள். தெரிந்து என்ன பயன்? தச்சர் வந்து கீல்களைக் கழற்றினார். கதவு நடைபாதையில் மல்லாந்து விழுந்தது. அப்போதும் அதன் விளக்கு சிவப்பாகத்தான் எரிந்தது.

மேலாளர் அதன்மேல் மிதித்துக்கொண்டு வெளியே வந்தார். சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. முகத்தில் கடுகு போட்டால் வெடிக்கும்.

"உள்ள போனியாம்மா?" என்று மச்சினியைக் கேட்டார்.

"போகல சார். வெளியவே வர முடியல, எங்க உள்ள போறது?"

மேலாளர் அத்தானை மேலும் கீழும் பார்த்தார். "சோதனையில பாஸ். போய்த் தொலைங்க. திங்கட்கிழமைக்குள்ள எல்லாக் காரணமும் லாக்ல இருக்கணும். அவசரப் பட்டன் யாரையும் கேக்காம திறக்கணும். இல்லன்னா பிரிண்டர் பிரிவுல போய் நிப்பீங்க."

அத்தானுக்குப் போன உயிர் திரும்பியது. மச்சினி, "அக்காவுக்கு நீங்களே போன் பண்ணிச் சொல்லிடுங்க, நான் மாட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள்.

கடைசியாக வந்தார் பயிற்சியாளர், சட்டையெல்லாம் வியர்வையாக. "சார், அந்தக் கதவு ஏன் சார் திறக்கல?"

அத்தான் ஆதியிலிருந்து ஆரம்பிக்க வாயைத் திறந்தார். பிறகு மூடினார். அந்த மனிதரின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"அது அடுத்த ஸ்லைடுல வருது தம்பி."