என் ஜாயின்ட் ஒழுகாது

இப்போதெல்லாம் யாரும் தலையை நிமிர்த்தி மேலே பார்ப்பதில்லை. வாசலில் நின்றுகொண்டு, மழை வருமா என்று கையிலிருக்கும் போனைக் கேட்கிறார்கள். வராது என்கிறது போன். சட்டை நனைகிறது. அப்போதும் போனைத்தான் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர் போன மாதம் அப்படித்தான் நின்றார். "மேல பாருங்கய்யா, கருகருன்னு வருது" என்றேன். "இல்லீங்க, இதுல வெயில்னு போட்டிருக்கு" என்றார். அரை மணி நேரத்தில் அவர் கொடியில் போட்டிருந்த திரைச்சீலை அத்தனையும் சொட்டச் சொட்டத் தொங்கியது. அதையும் போனில் படம் எடுத்தார்.

இந்த லட்சணத்தில் என் மகளும் அந்த வேலைக்கே போய்ச் சேர்ந்தாள். உள்ளூர் டி.வி. நிலையத்தில், வானிலை வாசிக்கிற அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிற வேலை. வேலை கிடைத்த அன்று பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தாள். "பொய் சொல்றதுக்கு சம்பளமா?" என்று கேட்டேன். வாயில் வந்தது, கேட்டுவிட்டேன். அதோடு சரி. வீட்டுக்கு வந்தால் அம்மாவோடு சமையலறையில் பேசிவிட்டுப் போய்விடுவாள். எனக்கு "சாப்டீங்களா" மட்டும். எட்டு மாதமாக அந்த ஒரு சொல்தான்.

புதன்கிழமை அவளே போன் செய்து, அப்பாவிடம் கொடு என்று சொல்லியிருக்கிறாள்.

"அப்பா, வாசிக்கிற அக்காவுக்கு தொண்டை கட்டிக்கிச்சு. சனிக்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு நான் வாசிக்கிறேன். ரெண்டே நிமிஷம். நல்லா வந்தா வாராவாரம் சனிக்கிழமை எனக்குத்தான். ஒரே ஒரு தடவை பாருங்க. பாத்துட்டு எவ்ளோ வேணா திட்டுங்க."

"சரி சரி."

"சரியெல்லாம் வேணாம். முடிஞ்சதும் போன் பண்ணுவேன். கடைசியா என்ன சொன்னேன்னு கேப்பேன். பாக்காம பாத்தேன்னு அளக்கக் கூடாது."

என் மகளுக்கு என்னைத் தெரியும்.

அந்த நிலையம் போனிலும் வராது, காசு கட்டிப் பார்க்கிற டிஷ்ஷிலும் வராது. காற்றில் வருவதை ஆண்டெனா வைத்துப் பிடித்தால்தான் உண்டு. என் வீட்டில் ஆண்டெனா இல்லை. "தம்பியைக் கூப்பிடட்டுமா?" என்றாள் வீட்டுக்காரி. அவள் தம்பி மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். பக்கத்தில் உட்கார்ந்து பேசும்போதே கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரி பேசுவான்.

"ஒரு குழாயை நட்டு ஒரு வயரை இழுக்க ஊரையே கூட்டணுமா?" என்றேன்.

நாற்பது வருஷம் குழாய் வேலை பார்த்தவன் நான். பள்ளிக்கூடம் போகிற வயதில் நான் அங்கே படித்துக்கொண்டிருக்கவில்லை, அதன் தண்ணீர்த் தொட்டிக்குப் பைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி, ஆறு மாடிக் கட்டடம், பேருந்து நிலையக் கழிப்பறை, எல்லாம் என் கை பட்டது. நான் போட்ட ஜாயின்ட் ஒழுகியது என்று எவனாவது வரட்டும் பார்ப்போம். ஒரு ஓட்டலில் ஒழுகியது. அது ஓட்டல்காரன் வாங்கிக் கொடுத்த பைப்பின் லட்சணம்.

மீன் முள் மாதிரி இருக்கும் ஆண்டெனா ஒன்றை வாங்கி வந்தேன். கடைக்காரன் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தான். கையைக் காட்டி நிறுத்தினேன். இதில் என்ன இருக்கிறது? மேலேயிருந்து வருகிறது, வயர் வழியாகக் கீழே இறங்குகிறது, டி.வி.க்குள் போகிறது. தண்ணீர் மாதிரிதான். எங்கே வீணாகும்? ஜாயின்ட்டில். மொத்தம் மூன்று ஜாயின்ட். ஆண்டெனாவில் ஒன்று, மாடிச் சுவரோரம் வயரும் வயரும் சேரும் இடத்தில் ஒன்று, டி.வி.யின் முதுகில் ஒன்று. மூன்றிலும் திருகு மரை இருந்தது. மரை இருந்தால், ஒழுகாமலிருக்க வெள்ளை டெஃப்லான் டேப் சுற்ற வேண்டும். குழாய்க்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒவ்வொன்றுக்கும் பத்துச் சுற்று. வாயோரத்திலும் மடித்து உள்ளே திணித்து, ஸ்பேனர் போட்டு இறுக்கினேன். ஒரு சொட்டு சிக்னல் வெளியே போகாது.

வெள்ளிக்கிழமை டி.வி.யைத் தேட விட்டேன். பதினோரு சேனல் வந்தது. மகளுடைய சேனல் வந்தும் வராமலும் இருந்தது. யாரோ ஒருத்தர் செய்தி வாசித்தார். கண் ஒரு மூலையில், தாடை ஒரு மூலையில், நடுவில் கட்டம் கட்டமாக என்னவோ. குரல் விக்கல் எடுத்தது. பத்தடிக் குழாயை எடுத்துவிட்டுப் பதினாறடிக் குழாய் நட்டேன். தொட்டி உயர்ந்தால் வேகம் கூடும், அது எனக்குத் தெரியும். இப்போது தாடையும் போய்விட்டது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மச்சான் வந்து நின்றான். வீட்டுக்காரி என்னைக் கேட்காமலே வரச் சொல்லியிருந்தாள்.

"என்ன அத்தான், கொடிக்கம்பம் நட்டிருக்கீங்க? சல்யூட் அடிச்சுட்டு உள்ள வரணுமா?"

"செருப்பைக் கழட்டிட்டு வந்தா போதும்."

மாடிக்குப் போனோம். ஆண்டெனாவைச் சுற்றிச் சுற்றி வந்தான். "நிலையம் கெழக்கால இருக்கு. உங்க ஆண்டெனா மேற்கால பாக்குது. கோவிச்சுக்கிட்டுத் திரும்பிப் படுத்த மாதிரி. முன்னாடி வேற இரும்புத் தொட்டி மறைச்சுக்கிட்டு நிக்குது."

"அந்தத் தொட்டிய நான்தான் வச்சேன்."

"தெரியுது. அத்தனை போல்ட்டு போட்டு வேற எவன் வைப்பான்?"

ஆண்டெனாவைத் தொட்டிக்கு இந்தப் பக்கம் மாற்றி, கிழக்கே திருப்பினோம். அதற்கே ஐந்து மணி ஆகிவிட்டது. கீழே வந்து டி.வி.யில் எதையோ அழுத்தி ஒரு கோட்டை வரவழைத்தான். சிக்னல் எவ்வளவு என்று காட்டுகிற கோடாம். பதினெட்டு என்றது. குறைந்தது நாற்பது வேண்டும் என்றான். டி.வி.யை நகர்த்தி முதுகைப் பார்த்தவன், அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா! இங்க வாயேன். இதுக்கு எங்க அடிபட்டுச்சு? கட்டுப் போட்டிருக்கு!"

என் டேப்பைக் காட்டித்தான் சிரித்தான். மைக் இல்லாமலே தெருவுக்குக் கேட்டது.

"சிரிக்காத. அது ஜாயின்ட்."

"அத்தான், இது தண்ணி இல்ல. இரும்பும் இரும்பும் தொட்டாத்தான் இதுக்கு உயிரு. நீங்க நடுவுல மெத்தை தச்சுப் போட்டிருக்கீங்க. உள்ள வரைக்கும் திணிச்சிருக்கீங்களே, எதுக்கு, குளிருமேன்னா?"

சொல்லிக்கொண்டே நகத்தால் பிய்த்துப் போட்டுவிட்டு வெறும் மரையில் மாட்டினான். கோடு பதினெட்டிலிருந்து இருபத்தேழுக்குப் போனது.

"பாத்தீங்களா!"

"எதிர்வீட்டுல இப்பத்தான் தையல் மிஷினை நிறுத்துனாங்க. அந்தக் கரண்டு மிஷின் போடற சத்தத்துல எந்த சிக்னல் வரும்?"

"மேல இன்னும் எத்தனை இருக்கு இது மாதிரி?"

"எத்தனை இருந்தா உனக்கென்ன?"

"ரெண்டா? போய்ப் பிரிச்சுட்டு வந்துடறேன், அஞ்சு நிமிஷம்."

மாடிப்படியின் குறுக்கே உட்கார்ந்தேன். நாற்பது வருஷத்தில் என் ஜாயின்ட்டை இன்னொருத்தன் பிரித்தது கிடையாது. அதுவும் மைக் செட்டுக்காரன். இவன் வைத்த மைக் கூவாத கூட்டம் ஒன்று சொல்லுங்கள். "என் ஜாயின்ட்டுல கை வச்ச, அத்தான்னு கூப்பிட வாய் இருக்காது" என்றேன்.

அவன் அக்காளைப் பார்த்துக் கையை விரித்தான். "நான் சொல்லிட்டேன். இனி அத்தான் பாடு, ஆண்டெனா பாடு."

மணி ஆறு இருக்கும். நான் படியிலேயே இருந்தேன். மச்சான் நாற்காலியில் சாய்ந்து மோட்டுவளையைப் பார்த்தான். டி.வி.யில் ஒரு அம்மாள் நெற்றியில்லாமல் பேசிக்கொண்டிருந்தாள். ஆறே கால் ஆனது. வீட்டுக்காரி சத்தமே போடவில்லை. சத்தம் போட்டால் பதில் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். அவள் தலையைச் சீவினாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். ஒரு கால் வீங்கியிருப்பதால் செருப்பு மாட்ட அவளுக்கு நேரமாகும். குனிந்து வாரை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"கடைத்தெருவுல டி.வி. விக்கிற கடை இருக்குல்ல. அங்க கண்ணாடிக்கு வெளிய நின்னு பாக்கறேன். குரல் கேக்காது. பரவால்ல, என் புள்ள மூஞ்சி முழுசாத் தெரியும்."

"இந்தக் காலோட எப்படிப் போவ? பதினஞ்சு நிமிஷத்துல?"

"அதான் கெளம்பிட்டேனே. நீங்க உங்க ஜாயின்ட்டைப் பாத்துக்கிட்டு உக்காருங்க. அது ஒழுகாம இருக்கட்டும்."

எழுந்தேன். "யாரும் மேல வரக்கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினேன்.

சுவரோர ஜாயின்ட்டை முதலில் பிரித்தேன். டேப் நன்றாகப் பிடித்திருந்தது. நான் சுற்றியதல்லவா, நகத்துக்கெல்லாம் மசியவில்லை. கத்தியால் கீறி, சுருள் சுருளாக உரித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். வெறும் மரையில் திருகினேன். கீழேயிருந்து மச்சான் கத்தினான்: "முப்பத்தஞ்சு! என்ன செஞ்சீங்க அத்தான்?"

"திருப்பிப் பாக்கறேன்!" என்றேன்.

அடுத்தது பதினாறடி உயரத்தில் இருந்தது. சுவரோடு பிடித்திருந்த கிளாம்ப் இரண்டையும் தளர்த்தி, குழாயைத் தோளில் சாய்த்து, கை மாற்றி மாற்றி மெல்லப் படுக்க வைத்தேன். கீழே விக்கல் குரலும் நின்றுபோனது. "ஐயோ, சுத்தமாப் போச்சு! மணி ஆறு இருபத்தஞ்சு!" என்றது மச்சான் குரல். டேப்பில் கத்தி ஏறவில்லை. கத்தி மொட்டை, அவ்வளவுதான். வாயோரம் திணித்ததைப் பல்லால் கடித்து இழுத்தேன். மாட்டினேன், இறுக்கினேன், குழாயை நிமிர்த்தினேன். ஒரு ஆள் தூக்குகிற வேலை இல்லை அது. தூக்கினேன். கிழக்கே திருப்பினேன்.

கீழேயிருந்து என் மகள் குரல் வந்தது.

விக்கல் இல்லை. வீட்டுக்குள் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. வடக்குப் பக்கம் காற்று இவ்வளவு, வெப்பம் இவ்வளவு என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனாள். குழாயை விட்டுவிட்டு ஓடவும் முடியாது, விட்டால் சாய்ந்துவிடும். ஒரு தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டே இரண்டு கிளாம்ப்பையும் இறுக்கினேன். இறுக்குவதில் மட்டும் நான் அவசரப்படுகிறவன் இல்லை. பிறகு இருபத்திரண்டு படி.

வீட்டுக்காரி ஒரு காலில் செருப்போடு டி.வி.க்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தாள். எதிர்வீட்டுத் தையல்காரரும் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றார். திரையில் என் மகள். நெற்றி, தாடை, எல்லாம் அதனதன் இடத்தில். பின்னால் ஒரு வரைபடம். "இன்றிரவு எட்டு மணிக்குள் நகரின் பல இடங்களில் மழை பெய்யும். வெளியே செல்பவர்கள், வானத்தை ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, குடையையும் எடுத்துக்கொள்ளுங்கள்." சொல்லிவிட்டு நேராக என்னைப் பார்த்தாள். டி.வி.யில் எல்லாரையும் அப்படித்தான் பார்ப்பார்கள், எனக்குத் தெரியும்.

"அம்பத்தெட்டு!" என்றான் மச்சான், கோட்டைக் காட்டி. "டேப்பைப் பிரிச்சீங்கதானே?"

"திருப்பினேன்னு சொன்னேன்ல."

"அப்ப பாக்கெட்டுல என்ன, வெள்ளையா வால் தொங்குது?"

"கைக்குட்டை."

வீட்டுக்காரி வாலைப் பிடித்து இழுத்தாள். வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. பத்துச் சுற்று என்பது சாதாரண நீளமில்லை. தையல்காரர் நாடாவை எடுத்து அளக்கவே ஆரம்பித்துவிட்டார். அந்த நேரத்தில் போன் அடித்தது, பிழைத்தேன்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"கடைசியா என்ன சொன்னேன்?"

"மேல பாத்துட்டு குடை எடுத்துட்டுப் போகச் சொன்ன."

 "சரி, இப்ப திட்டலாம்" என்றாள்.

"எதுக்கு அந்தக் கையை அப்படி ஆட்டற? காக்கா விரட்டற மாதிரி?"

சிரித்தாள். போன் இரைந்தது, காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். வைத்துவிடவில்லை.

"மழை நெசமா வருமா?"

"எட்டு மணிக்குள்ள வரும்பா."

"வராது."

"அடுத்த சனிக்கிழமையும் பாருங்க, அப்ப தெரியும்" என்றாள். போனை அவள் அம்மாவிடம் கொடுத்தேன்.

மச்சான் இன்னும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். டேப்பால்தான் எல்லாம் என்று ஊர் முழுக்கச் சொல்லப்போகிறான். அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "ஆறரைக்கு இவர் எங்க இருந்தாரு?" தையல்காரரைக் காட்டினேன். "இங்க. அப்ப மிஷின் ஓடுச்சா? ஓடல. மிஷின் நின்னுது, படம் வந்துச்சு. அவ்வளவுதான்."

மச்சான் தலையில் அடித்துக்கொண்டான்.

செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். வீட்டுக்காரி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டே குடையை நீட்டினாள். நிமிர்ந்து பார்த்தேன். மேகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கிழக்கே ஏதோ கொஞ்சம் மங்கலாக இருந்தது, அவ்வளவுதான். குடையை வாங்கவில்லை. தெருமுனை வரைக்கும் நடந்தேன். ஒரு சொட்டு விழவில்லை. மணி ஏழே கால். எட்டுக்கு இன்னும் நேரமிருக்கிறது என்பாள் மகள். சொல்லிக்கொள்ளட்டும். நான் மேலே பார்த்துக்கொண்டே இன்னும் கொஞ்ச தூரம் நடந்தேன்.