மேசைக்கு அடியில் கருவாயன்

விடுமுறை விருந்தில் ஆறு பேர் இருந்தோம். வாசல் பக்கம் அத்தையும் மாமாவும், ஜன்னலோரம் தங்கையும் மாப்பிள்ளையும், சமையலறைப் பக்கம் நானும் மனைவியும். மேசைக்கு அடியில் எங்கள் நாய் கருவாயன்.

இப்போது அவன் நாலு முறை வாந்தி எடுத்துவிட்டு, கால் நடுங்கப் படுத்திருந்தான். சாக்லேட் நாய்க்கு விஷம்; யார் எத்தனை கொடுத்தார்கள் என்று எழுதி நாயோடு அனுப்பச் சொல்லியிருந்தார் மருத்துவர். உட்கார்ந்த வரிசைப்படியே கேட்டு எழுதினேன்.

“ஒண்ணே ஒண்ணுதாம்பா. பாவமா பாத்துச்சு,” என்றார் அத்தை.

“அடிப்பாவி, நீயுமா? நான்தான் யாருக்கும் தெரியாம ஒண்ணு குடுத்தேன்னு நெனச்சேன்,” என்றார் மாமா.

தங்கை சிரித்தாள். அவள் இரண்டு கொடுத்திருந்தாள். மாப்பிள்ளை மூன்று என்றதும் சிரிப்பு நின்றது.

நாய்க்கு எதுவும் கொடுக்காதீர்கள் என்று காலையில் கதவில் எழுதி ஒட்டியவன் நான். அதனால் என்னையும் மனைவியையும் யாரும் கேட்கவில்லை. மொத்தம் ஏழு என்று எழுதி உறையில் போட்டு ஒட்டினேன்.

மாப்பிள்ளை கருவாயனைத் தூக்கிக் காரில் கிடத்தினார். அவன் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது.

“இருங்க, நானும் ஒண்ணு குடுத்தேன்,” என்றாள் மனைவி.

உறையின் மேலேயே ‘இன்னும் நான்கு’ என்று எழுதினேன்.

“நான் ஒண்ணுதானே சொன்னேன்?”

“மீதி என்னோடது.”

 உறையைக் கார் ஜன்னல் வழியே மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். கார் கிளம்பியது.